ராக்கெட்டைக் கவிழ்த்த எண்

தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் பிரெஞ்சு கயானா இருக்கிறது. அது பிரான்சு நாட்டுக்குச் சொந்தமான பகுதி. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். மறு பக்கம் அடர்ந்த காடு. அங்கே கூரூ என்ற ஊரில் ஐரோப்பிய நாடுகள் ராக்கெட்டு விடும் தளம் உள்ளது.

1996-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி காலையில் அங்கே ஒரு புதிய ராக்கெட்டு புறப்படத் தயாராக நின்றது. அதன் பெயர் "ஏரியன்-5". எடை சுமார் 740 டன். அதை உருவாக்க ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடித்தன. அதுதான் அதற்கு முதல் பயணம்.

ராக்கெட்டின் தலைப்பகுதியில் 4 செயற்கைக் கோள்கள் இருந்தன. சூரியனில் இருந்து வீசும் துகள்கள் பூமியின் காந்த மண்டலத்தில் வந்து மோதுகின்றன. அப்போது என்ன நடக்கிறது என்று ஆராய்வதற்காக, விஞ்ஞானிகள் பல ஆண்டு பாடுபட்டு அவற்றை உருவாக்கி இருந்தார்கள்.

வானம் தெளிவாக இல்லை. அதனால் சுமார் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். மணி 9-34 ஆயிற்று. என்ஜின் பற்றியது. நெருப்பைக் கக்கிக் கொண்டு ராக்கெட்டு கிளம்பியது.

36 வினாடி வரை ஒரு குறையும் இல்லை.

37-வது வினாடியில் திடீர் என்று ராக்கெட்டு சாய்ந்தது. மறுகணம் உடைந்தது. வானத்தில் ஒரே தீப்பிழம்பு! அப்போது அது சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருந்தது. நல்ல வேளையாக ராக்கெட்டில் ஆள் யாரும் இல்லை.

எரிபொருளில் கோளாறா? என்ஜினில் கோளாறா? இரண்டும் இல்லை. ராக்கெட்டுக்குள் இருந்த ஒரு கம்ப்யூட்டர், ஒரு எண்ணை ஒரு பெட்டியில் இருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றியது. புதிய பெட்டியில் அந்த எண் அடங்கவில்லை. அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் கணக்கு

எண்ணைப் பெட்டி மாற்றுவது என்றால் என்ன?

கடைக்காரர் பில் போடும் இயந்திரத்தில் 125 என்று தட்டுகிறார். அது நூற்று இருபத்தைந்து என்று நமக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குக் கிடைப்பவை மூன்று எழுத்துகள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறி எண் உண்டு. "1" என்ற எழுத்துக்கு 49. "2" என்ற எழுத்துக்கு 50. "5" என்ற எழுத்துக்கு 53.

ஒவ்வொன்றிலும் 48-ஐக் கழித்தால்தான் உண்மையான இலக்கம் வரும். முதல் இலக்கம் 1. அதைப் பத்தால் பெருக்கி 2-ஐக் கூட்டினால் 12. அதை மறுபடியும் பத்தால் பெருக்கி 5-ஐக் கூட்டினால் 125. இப்போதுதான் கம்ப்யூட்டர் கையில் கணக்குப் போடத் தகுந்த எண் இருக்கிறது.

விடையைக் காகிதத்தில் அச்சிட வேண்டுமா? எல்லாம் தலைகீழ்! 125-ஐப் பத்தால் வகுத்தால் மீதி 5. ஈவு 12-ஐ வகுத்தால் மீதி 2. கடைசியில் 1. இலக்கங்கள் பின்னால் இருந்து முன்னால் வருகின்றன. அவற்றைத் திருப்பி அடுக்கி, ஒவ்வொன்றுடனும் 48-ஐக் கூட்டி, மறுபடி எழுத்தாக்கி அச்சிட வேண்டும். பஸ் கண்டக்டர் கையில் உள்ள டிக்கெட்டு இயந்திரம்கூட இதைத்தான் செய்கிறது.

கம்ப்யூட்டருக்கு மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளுக்குப் புரோகிராம் என்று பெயர். புரோகிராம் எழுதுவோருக்கு இந்த மாற்று வேலை அலுப்புத் தட்டும் வேலை. வீட்டில் பாத்திரம் துலக்குவது போல. யாரும் பாராட்டுவதில்லை. சரியாகச் செய்யாவிட்டால்தான் தெரியும்.

அண்டாவும் செம்பும்

கம்ப்யூட்டருக்குள் எண்கள் கட்டங்களில் இருக்கும். ஒரு கட்டத்தில் 0 இருக்கலாம். அல்லது 1 இருக்கலாம். வேறு எதுவும் கூடாது. இந்தக் கட்டத்துக்கு "பிட்" என்று பெயர்.

ஒரு கட்டத்தில் 2 விதமாக எழுதலாம். இரண்டு கட்டத்தில் 4 விதம். மூன்று கட்டத்தில் 8 விதம். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்லை இரட்டிப்பாகக் கேட்டவன் கதைதான். 16 கட்டம் சேர்ந்தால் 65,536 விதம். அதில் பாதியைக் கழித்தல் எண்களுக்கு ஒதுக்கி விடுவார்கள். அதனால் 16 கட்டப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் ஒன்று கூடினாலும் இடம் இல்லை!

64 கட்டப் பெட்டியும் உண்டு. அதில் மிகப் பெரிய எண்களையும் தசம எண்களையும் எழுதலாம். அது அண்டா என்றால் 16 கட்டப் பெட்டி செம்பு. அண்டாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் செம்பில் ஊற்றலாம். நிறைய இருந்தால்?

ஏரியன்-5 ராக்கெட்டில் திசை காட்டும் கருவி ஒன்று இருந்தது. ராக்கெட்டு எப்படிச் சாய்ந்து இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது கணக்கிடும். பக்கவாட்டு வேகம் பற்றிய ஒரு எண் அதில் 64 கட்டப் பெட்டியில் இருந்தது. அதை 16 கட்டப் பெட்டிக்கு மாற்றும்படி புரோகிராமில் கட்டளை. மாற்றும் நேரத்தில் எண் எல்லையைத் தாண்டி விட்டது. கருவி திகைத்துப் போய் வேலையை நிறுத்தி விட்டது.

பழைய புரோகிராம்

இதை யாரும் யோசிக்கவில்லையா? யோசித்தார்கள்.

அந்தப் புரோகிராம் ஏரியன்-4 என்ற முந்திய ராக்கெட்டுக்கு எழுதியது. எல்லை தாண்டக் கூடிய எண்கள் 7 என்று அப்போதே கண்டு பிடித்தார்கள். 4 எண்களுக்குக் காவல் போட்டார்கள். 3 எண்களுக்குப் போடவில்லை. ஏன்? காவல் போட்டால் கம்ப்யூட்டருக்கு வேலை கூடும். அதன் சக்தியில் 80 சதவிகிதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது திட்டம். அந்த 3 எண்களும் எல்லை தாட்டாது என்று நம்பினார்கள்.

ஏரியன்-4 ராக்கெட்டில் அந்த நம்பிக்கை பலித்தது. ஏரியன்-5 அப்படி அல்ல. அதில் பக்கவாட்டு வேகம் 5 மடங்கு சீக்கிரமாகக் கூடியது.

வேதனை என்னவென்றால், அந்தக் கணக்கே அப்போது தேவை இல்லை! ராக்கெட்டு தரையில் நிற்கும்போது கருவியை நேர் செய்யும் கணக்கு அது. கடைசி வினாடிகளில் ஏதாவது தடங்கல் வந்து ஏரியன்-4 நின்று விட்டால், மறுபடி நேர் செய்ய 45 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, கிளம்பிய பிறகும் சுமார் 40 வினாடி அந்தக் கணக்கை ஓட விட்டார்கள். இந்த ஏற்பாடு பயன்பட்டது ஒரே ஒரு தடவை, 1989-ம் ஆண்டில். ஏரியன்-5 ராக்கெட்டுக்கு அது வேண்டியதே இல்லை. ஆனாலும், நன்றாக ஓடும் புரோகிராமில் கை வைப்பானேன் என்று அப்படியே விட்டு விட்டார்கள். இன்னும் 10 வினாடி தாண்டி இருந்தால் கணக்கு தானாகவே நின்று போயிருக்கும்.

இரண்டும் ஒன்றே

ஒரு கருவி கெட்டால் உதவட்டும் என்று இரண்டாவது கருவி ஒன்றும் வைத்து இருந்தார்கள். ஆனால் இரண்டிலும் ஒரே புரோகிராம். இரண்டும் ஒரே எண்ணில் இடறின. மாற்றுக் கருவி, கண் இமைக்கும் நேரம் முந்தியே நின்று விட்டது!

அடுத்து நடந்தது அதைவிட விபரீதம்.

நிற்பதற்கு முன் கருவி ஒரு செய்தி அனுப்பியது. தனக்கு என்ன கோளாறு என்று பொறியாளர்கள் பின்னால் பார்த்துத் தெரிந்து கொள்வதற்கான குறிப்பு அது. ராக்கெட்டை ஓட்டிய பெரிய கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைப் பெற்றது. அதை, ராக்கெட்டு சாய்ந்திருக்கும் அளவு என்று எண்ணிக் கொண்டது.

கம்ப்யூட்டருக்கு எல்லாம் 0, 1 தான். 49 என்பதை எழுத்து என்று படித்தால் "1". எண் என்று படித்தால் நாற்பத்து ஒன்பது. எப்படிப் படிக்க வேண்டும் என்று அந்தக் கட்டங்களில் எழுதி இருக்காது. "எனக்கு உடம்பு சரி இல்லை" என்று ஒருவன் எழுதிய கடிதத்தை, வழி சொல்லும் கடிதம் என்று நினைத்து வண்டியைத் திருப்பினால் எப்படி இருக்கும்?

நேராகப் போன ராக்கெட்டு கோணலாகப் போகிறது என்று பெரிய கம்ப்யூட்டர் நம்பியது. அதைச் சரி செய்வதாக நினைத்து என்ஜின் குழாய்களை முழு அளவுக்குத் திருப்பியது. ராக்கெட்டு 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. காற்று மோதிய வேகத்தில் பக்கவாட்டு ராக்கெட்டுகள் பிய்த்துக் கொண்டன. உடனே, தன்னைத்தானே அழித்துக் கொள்ளும் ஏற்பாடு வேலை செய்தது.

சிதறிய துண்டுகள் சுமார் 12 சதுர கிலோ மீட்டர் பரப்பில் விழுந்தன. பெரும்பாலும் சதுப்பு நிலம். அந்தச் சேற்றில் தேடி இரண்டு கருவிகளையும் எடுத்து விட்டார்கள். கணித மேதை ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. ஜூலை 19-ந் தேதி அறிக்கை வந்தது. ஏரியன்-5 போகும் பாதையைக் கொடுத்துக் கருவியைத் தரையிலேயே சோதித்து இருந்தால் கோளாறு தெரிந்து இருக்கும் என்று அதில் கண்டது. அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை.

4 செயற்கைக் கோள்களையும் மறுபடி செய்து, 2000-ம் ஆண்டில் ரஷிய ராக்கெட்டுகளில் அனுப்பினார்கள். ஏரியன்-5 தேறி விட்டது. 2018-ல் இந்தியாவின் "ஜிசாட்-11" செயற்கைக் கோளை ஏற்றிச் சென்றதும் அதுதான். 2023-ம் ஆண்டு ஜூலையில் அது ஓய்வு பெற்றது.

28 உயிர்கள்

கூரூவில் பொருள் நஷ்டத்தோடு போயிற்று. அதற்கு 5 ஆண்டு முன்பு சவுதி அரேபியாவில், எண் மாற்றும் வேலையில் நேர்ந்த பிசகு உயிர்களைக் குடித்தது.

அது வளைகுடாப் போர் நடந்த நேரம். ஈராக் "ஸ்கட்" ஏவுகணைகளை வீசியது. அவற்றை வழியிலேயே அடித்து வீழ்த்த அமெரிக்கப் படை "பேட்ரியட்" ஏவுகணைகளை வைத்து இருந்தது. பேட்ரியட் கம்ப்யூட்டர் ஒரு வினாடியைப் பத்தாகப் பங்கிட்டு நேரத்தை எண்ணியது. அதை வினாடியாக மாற்றப் பத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும்.

பத்தில் ஒன்று நமக்குச் சுலபம். 0.1 என்று எழுதி விடுவோம். 0, 1 என்ற இரண்டு குறிகளை வைத்துக் கொண்டு எழுதினால் அது முடியவே முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக் கொண்டே போவது போல நீளும். பேட்ரியட் கம்ப்யூட்டரில் 24 கட்டம்தான் இருந்தது. மிச்சத்தை வெட்டி விட்டது. வெட்டியது அற்பத் துணுக்கு. ஆனால் கம்ப்யூட்டர் 100 மணி நேரம் நிற்காமல் ஓடியபோது, கணக்கில் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகு சேர்ந்து விட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோ மீட்டருக்கு மேல் பறந்து விடும்.

1991-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி, தஹ்ரான் நகரை நோக்கி ஒரு ஸ்கட் வந்தது. பேட்ரியட் வானத்தில் வேறு இடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. அதனால் சும்மா இருந்து விட்டது. ஸ்கட் அமெரிக்க வீரர்கள் தங்கி இருந்த கொட்டகையில் விழுந்தது. 28 பேர் மாண்டார்கள்.

அணைத்து விட்டு மறுபடி போட்டிருந்தாலே கடிகாரம் சரியாகி இருக்கும். அதிக நேரம் ஓட விட வேண்டாம் என்று நான்கு நாள் முன்பு ஒரு தகவலும் போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்று அதில் சொல்லவில்லை.

திருத்திய புரோகிராம் பிப்ரவரி 16-ந் தேதியே தயாராகி விட்டது. தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த நாள் 26-ந் தேதி.