வகுப்பறையின் மௌனம்

எஸ்தோனிய நாட்டு இயக்குநர் இல்மார் ராக் 2007ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்றொரு திரைப்படத்தை எடுத்தார். வகுப்பு என்பது அச்சொல்லின் பொருள். நம்மிடையே அதிகம் பேசப்படாத இப்படம் ஆசிரியரும் பெற்றோரும் அறியத்தக்கது.

யோசெப் என்னும் சாதுவான மாணவனை, ஆண்டர்ஸ் என்பவன் தலைமையில் வகுப்பே வதைக்கிறது. அவர்களுள் ஒருவனான காஸ்பர் மனம் மாறி அவனுக்குத் துணைநிற்கிறான். வதை இருவர்மீதும் பாய்கிறது. செய்தியறிந்த தந்தையோ மகனைத் திருப்பி அடிக்கச் சொல்கிறார். பள்ளி விசாரிக்கும்போது பழி காஸ்பர்மேல் விழுகிறது. ஏழு நாட்களில் நிகழும் இக்கதை துப்பாக்கிச் சூட்டில் முடிகிறது.

அம்முடிவை எவ்வகையிலும் நியாயமென்று கொள்ளலாகாது. ஆனால், அதற்கு முந்திய நாட்களில் பெரியோர் தவறவிட்டது யாது? வகுப்பார் முன்னிலையில் வினவினால் உண்மை வெளிப்படாது. காட்டிக்கொடுப்பவன் என்ற பெயருக்குச் சிறுவர் அடியினும் மிகுதியாக அஞ்சுவர். ஆகவே தனித்தனியே, பொறுமையுடன் கேட்டல் வேண்டும்.

கொடுமை செய்வோர் சிலரே; பார்த்திருப்போர் பலர். அப்பலருள் ஒருவன் எதிர்த்து எழுந்தால், அன்றே அவனுக்குத் துணையாக நிற்பது ஆசிரியரின் முதற்கடமை. காஸ்பருக்கு அத்துணை கிட்டவில்லை.