பணி செய்வோரும் போதைப் பிணி மீட்சியும்

முன்னுரை

போதைக்கு ஆட்பட்டோர் என்றவுடன் வேலையின்றித் தெருவில் திரிவோரே நம் மனக்கண்முன் தோன்றுவர். மருத்துவமனையிலும் வங்கியிலும் பள்ளியிலும் நேரந்தவறாது பணியாற்றுவோருள்ளும் அப்பிணிக்கு ஆளானோர் உளர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகையோர் அபினிவகை மருந்துகளின் பிடியில் வீழுமாறும், பணியை இழவாது மீளுமாறும் யாவை என ஈண்டுக் காண்போம்.

பிணியின் இயல்பு

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. அதனின்று மார்ஃபினும் கோடீனும் பெறப்படுகின்றன. மார்ஃபினை மாற்றியமைத்தால் ஹெராயின். டிரமடால் போன்றவை ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவன. இவையனைத்தும் மூளையிலுள்ள ஒரே வகை ஏற்பிகளைப் பற்றி வலியைத் தணிக்கின்றன. மூளையோ விரைவில் இவற்றுக்குப் பழகிவிடுகிறது. நேற்றைய அளவு இன்று போதாது. நிறுத்தினாலோ உடல் துன்புறும். கண்ணீரும் மூக்கு நீரும் வடிதல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன வாட்டும். ஆகவே, இன்பத்துக்காக உட்கொண்டவர் பின்னர்த் துன்பத்துக்கு அஞ்சியே உட்கொள்கிறார்.

முதுகுவலிக்கெனத் தொடங்கிய மாத்திரையே சிலர்க்கு வாயிலாகிறது. டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டமைக்கு இதுவே காரணம். நடுவணரசு 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நம் நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபினிவகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. எனினும், புற்றுநோயாளர்க்கு மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் அருமருந்து என்பதை மறத்தலாகாது.

மறைத்து வாழ்தல்

அமெரிக்க அறுவை மருத்துவத்தின் முன்னோடியாகிய வில்லியம் ஹால்ஸ்டெட் வாழ்வு இவண் கருதத்தக்கது. அறுவைக்கூடத்தில் ரப்பர்க் கையுறையைப் புகுத்திய பெருமை அவர்க்குண்டு. 1884இல் கோக்கேனைத் தம் உடலிலேயே ஆய்ந்து அதற்கு அடிமையானார். அதனின்று விடுபடச் சிகிச்சை பெற்றபோது மார்ஃபினுக்கு ஆட்பட்டார். 1922இல் மறையுங்காறும் அவர் புகழ்பெற்ற பேராசிரியராகவே விளங்கினார். அவர் நெடுங்காலம் மார்ஃபின் உட்கொண்டு வந்தமையை உடன்பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் எழுதி வைத்த குறிப்பு, 1969இல் தான் வெளிப்பட்டது. பணித்திறன் குன்றாமையே பிணியை மறைக்கும் திரையாகும் என்பதற்கு இஃதொரு சான்று. உயர்ந்த பதவியில் இருப்பார்க்குப் பெயர் கெடுமே என்னும் அச்சமும் மிகுதி. அதனால் அவர் உதவி நாடுவதும் காலந்தாழ்கிறது.

சிகிச்சை நெறி

ஹால்ஸ்டெட் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உள்ளன. பியூப்ரினார்ஃபின் என்பது ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு, மயக்கத்தை மிகுவியாது வேட்கையை அடக்கும். நால்ட்ரெக்சோன் ஏற்பிகளை அடைத்து, போதை ஏறாவண்ணம் தடுக்கும். எனினும் உடலில் அபினிவகை மருந்து எஞ்சியிருக்கையில் இதனைத் தரலாகாது. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மருந்துண்ணல் தோல்வியின் அடையாளம் அன்று. நீரிழிவாளர் இன்சுலின் இட்டுக்கொண்டு அலுவலகம் செல்வது போன்றதே இது.

ஓர் எச்சரிக்கை. சில நாள் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவையே உட்கொண்டால் மூச்சு அடங்கி இறக்க நேரிடும். உடலின் தாங்குதிறன் அதற்குள் குறைந்துவிடுவதே காரணம். ஆதலின், மருத்துவர் துணையின்றி வீட்டில் அடைத்து வைத்துப் பழக்கத்தை நிறுத்த முயலுதல் பேரிடர் தரும்.

திரும்பாத வாயில்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலைப் பற்றி வழங்கும் வரகுண பாண்டியன் கதையை நம் பகுதியினர் அறிவர். அரசனைத் தொடர்ந்த பிரமகத்தி கீழை வாயிலிலேயே நின்றுவிட, அவன் மேலை வாயில் வழியே வெளியேறி உய்ந்தான் என்பர். இன்றும் வழிபடுவோர் புகுந்த வழியே திரும்புவதில்லை. மீட்சி பெறுவார்க்கும் இது பொருந்தும். வேட்கை பழைய வாயிலில் காத்திருக்கும். மாத்திரை கேளாமலே தரும் கடை, பழைய கூட்டாளிகள், உறக்கமற்ற இரவுப்பணி ஆகியனவே அவ்வாயில். மருத்துவமனையை விட்டு வெளிவருவோர் இவற்றை மாற்றியமைத்துக் கொண்டாலன்றி மருந்து மட்டும் காவாது.

ஊரும் அலுவலகமும்

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அவ்வமைப்பு நம் காவிரிப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் நடத்தி, குடும்பத்தாரையும் ஊராரையும் மீட்சிப்பணியில் சேர்த்துக் கொண்டது. அவை குடிநோயாளர்க்கான முகாம்களே எனினும், உற்றார் சூழ நிகழும் சிகிச்சை நிலைக்கும் என்னும் அதன் பாடம் எல்லாப் போதைக்கும் பொதுவாகும்.

பணியிடத்தின் பங்கும் சிறிதன்று. போதைப் பழக்கத்துக்கு ஆளான அமெரிக்க மருத்துவர் 802 பேரைச் சிகிச்சையிலும் தொடர் சோதனையிலும் வைத்துக் கண்காணித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஐந்தாண்டு முடிவில் 631 பேர் உரிமத்துடன் பணியில் இருந்தனர். வேலை காத்திருக்கிறது என்ற நம்பிக்கையும், தவறினால் தெரிந்துவிடும் என்ற கண்காணிப்பும் ஒருங்கே அமைந்த முறை அது.

நம் நாட்டுச் சட்டமும் துணைநிற்கிறது. தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோர், உட்கொண்டமைக்காகவோ சிறிய அளவு வைத்திருந்தமைக்காகவோ தொடரப்படும் வழக்கினின்று காப்புப் பெறப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையை முழுமையாகப் பெறாதவர் அக்காப்பை இழக்கக்கூடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைச் செய்திகளைக் கமுக்கமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டல் பெறலாம்.

நிறைவுரை

மாணவச் செல்வங்களே, வலிமாத்திரையை மருத்துவர் சொல்லின்றித் தொடராதீர். ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் ஒன்றை நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும். மீண்டு வருபவரை வேலையினின்று விலக்கி, மணவீட்டிலும் மன்றத்திலும் ஒதுக்கினால், அவர்க்குத் திறந்திருப்பது அந்தப் பழைய வாயில் ஒன்றே. அவர் இருக்கையை அவர்க்காக வைத்திருத்தலே நாம் திறந்து வைக்கும் மறுவாயிலாகும்.