துப்பாக்கி தூக்க மாட்டேன்: போர்க்காலத்தில் இந்த உரிமை செல்லுமா?

'நாட்டுக்காக எந்த வேலை கொடுத்தாலும் செய்றேன். ஆனா, துப்பாக்கியை மட்டும் தொட மாட்டேன்.' சொந்த ஊரில் குண்டு விழும் நேரத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் அரசு என்ன செய்யும்? மாற்று வேலை கொடுக்குமா, சிறைக்கு அனுப்புமா? 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த பிறகு, உக்ரைன் நீதிமன்றங்கள் எதிர்கொண்ட கேள்வி இது.

உக்ரைன் அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

ராணுவக் கடமை ஒருவரின் மத நம்பிக்கைக்கு முரணாக இருந்தால், அதற்குப் பதிலாக ராணுவம் சாராத மாற்றுப் பணி வழங்க வேண்டும் என்கிறது பிரிவு 35. படித்தால், 'அப்போ பிரச்சினையே இல்லையே' என்றுதான் தோன்றும். ஆனால், மூன்று முட்டுக்கட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, மத நம்பிக்கை மட்டுமே கணக்கு. கடவுள் நம்பிக்கை இல்லாத அமைதிவாதிக்கு இதில் இடமில்லை. மத நம்பிக்கை உள்ளவர்களிலும், அரசு பட்டியலிட்ட 10 மத அமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கே மாற்றுப் பணி. நாட்டில் பெரும்பான்மையாக உள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, 1991-ல் வந்த மாற்றுப் பணிச் சட்டம் வழக்கமான கட்டாய ராணுவச் சேவையை மனதில் வைத்து எழுதப்பட்டது. போர்க்காலப் படைதிரட்டலுக்கு அதில் வழி சொல்லப்படவில்லை.

மூன்றாவது, பிரிவு 64. போர்க்காலத்திலும் கைவைக்கக் கூடாத உரிமைகளை அது வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் பிரிவு 35 இல்லை.

விளைவு? படைதிரட்டலுக்கு வர மறுத்தால் குற்றவியல் சட்டத்தின் 336-வது பிரிவில் 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. மனசாட்சியைக் காரணம் காட்டி மறுத்தவர்களும் இதில் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஜெர்மனி நீதிமன்றம் சொன்னது என்ன?

ஹிட்லர் ஆட்சியின் பாடத்தில் பிறந்தது ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டம். மனசாட்சிக்கு விரோதமாக ஆயுதம் ஏந்தும் போர்ப்பணிக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அதன் பிரிவு 4. இதற்கு மத நம்பிக்கை அவசியமில்லை.

ஆனால் 2025 ஜனவரியில், அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு உக்ரைனியரை நாடு கடத்தும் வழக்கில் வேறு மாதிரி முடிவெடுத்தது. அவர் ஆயுதம் ஏந்த மறுப்பவர். திரும்பிப் போனால் படையில் சேர்க்கப்படலாம். சட்டவிரோதத் தாக்குதலுக்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ளும் நாடு கேட்டால், இந்தக் காரணத்துக்காக ஒப்படைப்பைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இதற்கு மாற்றுக் கருத்து உண்டா?

உண்டு. உக்ரைன் அரசியலமைப்பு நீதிமன்றம், ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையத்திடம் கருத்துக் கேட்டது. தற்காப்புப் போரே ஆனாலும் மனசாட்சிப்படி மறுப்பவரை ஆயுதம் ஏந்தக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2025 மார்ச்சில் ஆணையம் பதில் சொன்னது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும், நெருக்கடி நிலையில்கூட விலக்க முடியாத உரிமைகளில் மனசாட்சிச் சுதந்திரத்தைச் சேர்த்திருக்கிறது.

'எல்லோரும் மறுத்துட்டா நாடு என்ன ஆகும்?'

நியாயமான கேள்வி. நாடே இல்லாமல் போனால் உரிமையை யார் காப்பாற்றுவது? இரண்டாம் உலகப் போரின்போது, அமைதிவாதம் பாசிசத்துக்கே உதவுகிறது என்று 1942-ல் எழுதினார் ஜார்ஜ் ஆர்வெல். அப்படி வாதிடுவது நேர்மையற்றது என்று 1944-ல் அவரே பின்வாங்கினார்.

அதே பிரிட்டன், 1939-ல் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தபோதே மறுப்பவர்களை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயங்களையும் வைத்தது. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட மாதங்களிலும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. போர் முடிவதற்குள் மறுப்பவர்களாகப் பதிந்தவர்கள் சுமார் 60,000 பேர். எல்லோருக்கும் விலக்கு கிடைக்கவில்லை. சிலர் சிறைக்கும் போனார்கள். பலர் விவசாயம், மருத்துவமனை, ஆம்புலன்ஸ் பணிகளில் சேர்ந்தார்கள். வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலைக்குத் தாமாக முன்வந்தவர்களும் உண்டு. இவர்களை உயிருக்குப் பயந்தவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

கொல்ல மறுப்பதும் கடமையை மறுப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஏற்பாடு காட்டியது. பிரிவு 35-ஐ எழுதியவர்களும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அமைதிக்காலத்தில் அந்தப் பிரிவு பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. தேவைப்படுகிற நேரத்தில் அது வேலை செய்யுமா என்பதுதான் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முன்னால் வந்து நிற்கும் கேள்வி.