மேனாம்பேட்டு மழைநீரும் வங்கக் கடலின் மட்டமும்



ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பல பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்றொரு குறிப்பும் காணப்படும். அந்தக் கடல் மட்டம் எது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கடலோ ஒரு கணமும் அசையாது நிற்பதில்லை. அலைகள் ஓயாது எழுகின்றன. நம் கரையில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. நிலையில்லாத ஒன்றிலிருந்து நிலத்தின் உயரத்தை எங்ஙனம் அளந்தனர்?

மேனாம்பேட்டில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கடற்கரையோ பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றது. ஆயினும் நம் தெருவில் பெய்யும் மழைக்கும் அந்தக் கடலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனைக் காண்பதற்கு முன், விஞ்ஞானிகள் கடலை அளக்கும் முறையை அறிந்து கொள்வோம்.

துறைமுகத்தில் ஒரு கிணறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறையினர் துறைமுகங்களில் ஓதம் அளக்கும் கருவிகளை நிறுவினர். அதன் அமைப்பு எளியது. கடலோடு சிறு துளை வழியே மட்டும் தொடர்புடைய கிணறு போன்ற ஒரு குழாய். அதனுள்ளே ஒரு மிதவை. துளை சிறியதாகையால் அலைகளின் கொந்தளிப்பு உள்ளே புகுவதில்லை. ஓதத்தின் மெதுவான ஏற்ற இறக்கம் மட்டுமே மிதவையை அசைக்கும். மிதவையோடு இணைந்த எழுதுகோல், சுழலும் உருளையின் மீதுள்ள காகிதத்தில் இரவும் பகலும் கோடு வரைந்து கொண்டிருக்கும். இவ்வாறு பல்லாண்டுகள் அளந்து சராசரி கண்டால் கிடைப்பதே கடல் மட்டம். சென்னை, நாகப்பட்டினம், மும்பை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களின் சராசரி நீர்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, நாட்டின் உயர அளவுகள் 1909-ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டன.

மும்பையில் 1878 முதலும், சென்னையில் 1916 முதலும் உள்ள பதிவுகளை இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் உன்னிகிருஷ்ணன், சங்கர் ஆகிய இருவரும் இத்தகைய நெடுங்காலப் பதிவுகளை ஆராய்ந்து, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் உயர்ந்து வந்துள்ளதாக 2007-இல் தெரிவித்தனர். என்றோ மறைந்துபோன ஊழியர்கள் நாள் தவறாது காகிதம் மாற்றி வைத்ததன் பயன், நூறாண்டு கழித்து நமக்குக் கிட்டியது!

விண்ணிலிருந்தும் ஆழத்திலிருந்தும்

துறைமுகக் கருவிக்கு ஒரு குறையுண்டு. அது நிற்கும் நிலமே தாழ்ந்தால், கடல் உயர்ந்ததுபோல் காட்டும். நடுக்கடலில் அதனை நிறுவவும் இயலாது. இக்குறையைத் தீர்க்க வந்தவை செயற்கைக் கோள்கள். அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து 1992-இல் ஏவிய டோபெக்ஸ் பொசைடன், 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் கதிரைக் கடலின் மீது செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணித்தது. நம் சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 பிப்ரவரி 25 அன்று, இதே பணிக்காக இந்திய-பிரெஞ்சுக் கூட்டு முயற்சியான சரள் ஏவப்பட்டது. 1993-க்குப் பின் உலகக் கடல்களின் மட்டம் சராசரியாக ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் மேல் உயர்ந்துள்ளதென இத்தகைய கோள்கள் காட்டுகின்றன. 1901 முதல் 2018 வரை ஏற்பட்ட மொத்த உயர்வு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் என்பது ஐ.நா. பருவநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு. அதாவது, கிட்டத்தட்ட ஒரு சாண்!

ஏன் உயர்கின்றது? பனிப்பாறைகள் உருகுவது ஒரு காரணம். சூடேறிய நீர் விரிவடைவது மற்றொரு காரணம். புவியில் மிகுந்துவிட்ட வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலே ஏற்றுக் கொள்கின்றது. அந்த வெப்பத்தை அளப்பவை ஆர்கோ எனப்படும் மிதவைக் கருவிகள். ஆளுயரம் கொண்ட ஒரு குழாய், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு செல்லும். பத்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கி, பின் மேலேறி வரும் வழியெங்கும் வெப்பத்தையும் உப்பின் அளவையும் குறித்துக் கொண்டு, செயற்கைக் கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். இந்தியக் கடற்பகுதியில் இப்பணியை ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் சேவை மையம் மேற்கொள்கின்றது. நம் நகரின் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமோ, வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிக்கின்றது. புயல் வரும்போது காற்றையும் அலையையும் கடலின் நடுவிலிருந்தே அவை அறிவிக்கின்றன.

மழையும் கடலும் சேரும் மாதம்

நீரோட்டங்களைப் பற்றிய அறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் பருவக் காற்றைக் குறிக்கும் மான்சூன் என்னும் சொல்லே, பருவம் எனப் பொருள்படும் மவ்ஸிம் என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமி இப்னு மாஜித், எந்தப் பருவத்தில் எத்துறையிலிருந்து பாய் விரிக்கலாம் என்பதை நூலாகவே எழுதி வைத்தார். தமிழகத்து மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பர்; வடக்கிலிருந்து வருவது வாநீவாடு, தெற்கிலிருந்து வருவது சோநீவாடு.

மீனவர் கண்ட இந்த மாற்றத்தை அறிவியலும் உறுதி செய்கின்றது. நம் கரையோரமாக ஓடும் பெரும் நீரோட்டம், மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கு நோக்கியும், நவம்பரில் தெற்கு நோக்கியும் பாய்கின்றது. புவி சுழல்வதால், வட கோளத்தில் ஓடும் நீர் தன் வலப்புறமாக ஒதுங்கும். தெற்கு நோக்கிச் செல்லும் நீருக்கு வலப்புறம் எது? மேற்கு, அதாவது நம் கரை! ஆகவே அம்மாதங்களில் நீர் கரையோரம் திரண்டு, கடல் மட்டம் உயர்ந்து நிற்கின்றது.

வாசகர்களே! இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். வடகிழக்குப் பருவ மழை கொட்டும் அதே காலத்தில்தான் சென்னைக் கடலும் உயர்ந்திருக்கின்றது. அத்தோடு புயற்காற்று கடலைக் கரைநோக்கித் தள்ளினாலோ, ஓதம் ஏறும் நேரமாயிருந்தாலோ, ஆறுகளும் கால்வாய்களும் முகத்துவாரத்தில் தயங்கி நிற்கும். இவற்றின் மேல்தான் ஆண்டுதோறும் உயரும் அந்தச் சில மில்லிமீட்டர்களும் சேர்கின்றன.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகள் பட்ட அவதியை நாம் மறக்கவில்லை. நம் ஊரைக் கடல் வந்து மூழ்கடித்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஏரிகள் சுருங்கியதும், வாய்க்கால்கள் அடைபட்டதும் நாம் பட்ட துன்பத்திற்குப் பெருங்காரணங்கள். ஆனால் நாம் ஏரியில் தேக்காமல் விட்ட நீர் எங்கே செல்கின்றது? கிழக்கே, தாழ்ந்த கரையோரத்தில் வாழும் மக்களின் வாசலுக்கு! கடல் அந்நீரை ஏற்கத் தயங்கும் வேளையில் அது அவர்தம் வீடுகளில்தான் புகும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யலாகாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றோம். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரும், நம் வீட்டுக் கழிவும் மழைநீரும் சென்று சேரும் வழியில் நமக்கு அண்டை வீட்டாரே அன்றோ?

ஆகவே, ஐப்பசி பிறக்கும் முன்னரே நம் தெருவின் மழைநீர் வாய்க்கால் தூர்வாரப்பட்டதா எனக் கேளுங்கள். அதில் குப்பை கொட்டுவதைத் தடுங்கள். வீட்டின் கூரைநீரை நிலத்துள் இறக்குங்கள். ஏரியின் நீர்ப்பரப்பில் மனையென்று எவர் விற்றாலும் வாங்காதீர்கள். கடலின் மட்டத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. அது உயர்ந்திருக்கும் நாளில் அதனிடம் நாம் அனுப்பும் நீரைக் குறைப்பது நம் கையில் உள்ளது.