கோழிக் கூளமும் செம்மறியாடும்

மைசூரில் வாழும் தமிழன்பர்களுக்குப் பன்னூர் ஆடு புதியதன்று. நூல்களில் மண்டியா இனம் என்று குறிக்கப்பெறும் அக்குட்டைக்கால் செம்மறி, இறைச்சியின் சுவைக்குப் பெயர் பெற்றது. கோடையில் மேய்ச்சல் தரை வறண்டதும், அதனை வளர்ப்போருக்குப் பிண்ணாக்கின் விலையே பெருங்கவலையாகிறது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது கறிக்கோழிப் பண்ணையின் ஆழ்கூளம். அதாவது, தரையில் பரப்பிய உமியோ மரத்தூளோ, எச்சத்தோடும் சிந்திய தீனியோடும் கலந்த பொருள்.

கேட்போர் முகஞ்சுளிக்கலாம். எனினும் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை புரதக் கணக்கில் சேரும். அதில் ஏறக்குறையப் பாதி உண்மைப் புரதமன்று. யூரிக் அமிலம் முதலிய நைட்ரஜன் பொருள்களே. அவை நமக்குப் பயன்படா. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களோ, அந்த நைட்ரஜனைக் கொண்டே பெருகுகின்றன. ஆடு அந்நுண்ணுயிர்களைச் செரித்துப் புரதம் பெறுகிறது. பால்குடிக் குட்டிக்கு இவ்வாற்றல் இல்லை.

பண்ணையிலிருந்து அள்ளியவாறே இடுவது தீது. கம்பி, ஆணி முதலியவற்றைச் சலித்து நீக்கி, அளவான ஈரத்துடன் குவித்து மூடினால் குவியல் தானே சூடேறும். வெப்பம் 55 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு எழுந்து, மூன்று வாரமேனும் கிடந்தால், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெரும்பாலும் மடியும். ஆனால் செத்த கோழி உள்ளே கிடந்தால் இக்காப்புப் போதாது. பொட்டுலிசம் நோயை விளைக்கும் நஞ்சு அதிலிருந்து பரவி மந்தைகளைச் சாய்த்ததுண்டு.

செம்மறிக்கென்றே அமைந்த ஆபத்து தாமிரம். கோழித் தீனியில் மயில்துத்தம் சேர்க்கும் பண்ணைகளில், அத்தாமிரம் எச்சத்தோடு வெளியேறிக் கூளத்தில் தங்கும். பத்து லட்சத்தில் சில நூறு பங்கு வரை காணப்படும். செம்மறியின் முழுத் தீனியில் அது 15 பங்கைத் தாண்டலாகாது. அத்தகைய கூளத்தை ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலும் வரம்பு கடந்துவிடும். மாடு பெரிதும் தாங்கும். செம்மறியோ தாமிரத்தை ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில் ஒரு குறியும் வெளியே தெரியாது. பின்னர் ஒருநாள் லாரிப் பயணமோ பட்டினியோ நேர்ந்ததும், ஈரல் அதனை இரத்தத்தில் கொட்டிவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகும், கண் மஞ்சளிக்கும், ஓரிரு நாளில் ஆடு மாளும். ஆதலின், ‘மாடு தின்று நலமாயிருக்கிறதே’ என்னும் அண்டைவீட்டார் சான்று செம்மறிக்குச் செல்லாது.

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் கூண்டின் கீழ் விழும் எச்சம் வேறு வகை. அதில் சுண்ணாம்பு மிகுதி. ஐரோப்பிய ஒன்றியமோ, எவ்வாறு பதப்படுத்தினும் விலங்கின் கழிவு தீவனமாகலாகாது என 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கிவிட்டது. அதனை மிகையான அச்சம் என்று தள்ளிவிட முடியவில்லை.

ஊரில் உறவினரிடம் வாரத்திற்கு ஆடு விட்டிருக்கும் அன்பர்கள், கூளம் எப்பண்ணையினது, அங்கே மயில்துத்தம் வழங்குகிறதா என்று முதலில் எழுதிக் கேட்கவேண்டும். கைப்பிடி மாதிரியைக் கால்நடைக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கு அனுப்பித் தாமிர அளவை அறிந்த பின்னரே மூட்டையை அவிழ்ப்பது நலம். அறுப்புக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே அத்தீனியை நிறுத்திவிட வேண்டும்.