கண்டிக்கோட்டா பள்ளத்தாக்கு: கண்ணில் பார்த்தது போட்டோவில் ஏன் வருவதில்லை?

ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, விடியலுக்கு முன்பே ஆந்திராவின் கண்டிக்கோட்டாவுக்குப் போய்விட்டீர்கள். கடப்பா மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளுக்கு நடுவே பென்னா ஆறு அறுத்து உருவாக்கிய பள்ளத்தாக்கு இது. 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்ற பட்டப்பெயரும் இதற்கு உண்டு. சூரியன் எழுகிறது, கிளிக் பண்ணுகிறீர்கள். ஆனால் படத்தில் வானம் வெள்ளைக் காகிதம் போல இருக்கிறது, அல்லது பாறைகள் கரிக்கட்டையாகத் தெரிகின்றன. தப்பு உங்கள் கேமராவிலா?

இல்லை. பிரச்னை வெளிச்சத்தில்.

ஏன் இப்படி ஆகிறது?

காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். பள்ளத்தாக்கின் அடியில் நிழல்தான். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து இரண்டையும் சமாளித்துவிடும். கேமரா சென்சாரால் ஒரே கிளிக்கில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. ஏதோ ஒரு பக்கம் அடிவாங்கும்.

எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் என்றால் என்ன?

ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்து, பிறகு ஒன்றாகச் சேர்ப்பதுதான். பொதுவாக மூன்று படங்கள்: ஒன்று சாதாரணமாக, ஒன்று 2 ஸ்டாப் இருட்டாக, ஒன்று 2 ஸ்டாப் வெளிச்சமாக. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அப்படியென்றால், கடைசி இரண்டு படங்களுக்கும் இடையே 16 மடங்கு வித்தியாசம். இருட்டுப் படம் வானத்தைக் காப்பாற்றும், வெளிச்சப் படம் ஆற்றையும் பாறை மடிப்புகளையும் காட்டும்.

எப்படி எடுப்பது?

- கேமராவை டிரைபாடில் வையுங்கள். டைமரை 2 விநாடிக்கு வைத்தால், விரல் பட்டு அசையாது.
- ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப்/8 அல்லது எஃப்/11. இரண்டையும் மாற்றாதீர்கள், ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும். உதாரணமாக 1/125, 1/500, 1/30 விநாடி.
- ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள். ரா ஃபைலாக எடுங்கள்.
- இருட்டுப் படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் மோதி நின்றால், இன்னும் இருட்டாக ஒன்று எடுங்கள். நிழலை ஓரளவு மீட்கலாம். முழுக்க வெளுத்துப் போன வானம் திரும்பி வராது.

வீட்டுக்கு வந்ததும் லைட்ரூமில் எச்டிஆர் மெர்ஜ் செய்தால் போதும். புல் ஆடியிருந்தாலோ, யாராவது நடந்துபோயிருந்தாலோ, 'டீகோஸ்ட்' வசதி ஆவி போன்ற உருவங்களைக் குறைக்கும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா?

கவலை வேண்டாம். போனின் எச்டிஆர் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் தானாகச் செய்கிறது. வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, கை அசையாமல் எடுங்கள்.

எங்கே சொதப்புகிறோம்?

நிழலே இல்லாத அளவுக்கு ஸ்லைடரை இழுப்பதில்தான். நிழல்தான் பள்ளத்தாக்கின் ஆழத்தைச் சொல்கிறது. அதை அழித்தால் பாறை சுவர் போஸ்டர் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம்: பாறை விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்புக் கம்பி கிடையாது. இருட்டில் டிரைபாடை வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே பின்னால் நகராதீர்கள். விளிம்பிலிருந்து நாலு அடி தள்ளி நின்றாலும் மூன்று படங்களும் வரும். சரியில்லையென்றால் மறுநாள் காலையில் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம்.