பழைய வெள்ளங்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு

2022 புத்தாண்டையொட்டிப் பெய்த மழையில் மலாக்கா மாநிலத்தில் வெள்ளம் ஏறியது. அலோர் காஜா மாவட்டத்திலும் குடும்பங்கள் நிவாரண மையங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா முழுகியிருந்தது. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

வெள்ளம் வரும்போதெல்லாம் நம் ஊர்களில் இரண்டு பேச்சு கேட்கும். "இங்க தண்ணி ஏறினதே இல்லை" என்பார்கள் தாமானில் புதிதாக வீடு வாங்கியவர்கள். "பால் மரம் இருந்த காலத்திலேயே இந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும்லா" என்பார்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். வீடு எங்கே கட்டலாம், கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தலாம், எந்தப் பள்ளியை நிவாரண மையமாக்கலாம் என்பதெல்லாம் இந்த இரண்டில் எது சரி என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லக்கூடிய சான்றுகள் பலவும் நம் தோட்டப்புறங்களில்தான் கிடக்கின்றன. யாரும் திரட்டாததால் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டும் இருக்கின்றன.

நூறாண்டு வெள்ளம் என்றால் என்ன?

வடிகால், பாலம், அணை எதைக் கட்டினாலும் பொறியாளர்கள் முதலில் கேட்பது, எத்தனை ஆண்டு வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பதைத்தான். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. நூறு சீட்டுகளில் ஒன்றில் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதி, ஆண்டுக்கு ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டுக் குலுக்குவது போன்றது அது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டிலும் அதே சீட்டு வரலாம். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வந்துவிடும் வாய்ப்பு 26 விழுக்காடு. ஏறக்குறைய நான்கில் ஒன்று.

அந்தச் சீட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதுவது? அதற்கு ஆற்றின் பழைய அளவுகள் வேண்டும். நாற்பது, ஐம்பது ஆண்டு அளவை வைத்து நூறாண்டு வெள்ளத்தைக் கணிக்கும்போது அதில் பெரும்பகுதி ஊகம். அளக்கத் தொடங்குவதற்கு முன்பு வந்த ஒரு பெருவெள்ளத்தின் உயரம் தெரிந்தால் போதும், கணக்கு வெகுவாகத் திருந்தும்.

ஆர் பள்ளத்தாக்கு கற்றுத்தந்த பாடம்

ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2021 ஜூலையில் நடந்ததைவிட இதற்குக் கசப்பான சான்று இல்லை. அங்கே அல்தெனார் என்ற இடத்தில் 1940-களின் இறுதியிலிருந்து ஆற்றை அளந்து வந்தார்கள். அதுவரை அங்கு பதிவான உச்ச உயரம் 2016-இல் வந்த 3.71 மீட்டர். அளவைகளை வைத்து, நூறாண்டு வெள்ளம் வினாடிக்கு 241 கன மீட்டர் என்று கணித்திருந்தார்கள். வெள்ள அபாய வரைபடமும் அந்த அளவைகளைக் கொண்டே வரையப்பட்டது.

ஆனால் 1804-லும் 1910-லும் அதே பள்ளத்தாக்கில் பலரைக் கொன்ற வெள்ளங்கள் வந்திருந்தன. பழைய ஆவணங்களையும் வெள்ளக் குறிகளையும் கொண்டு, 1804-இல் வினாடிக்கு ஏறத்தாழ 1,200 கன மீட்டர் பாய்ந்திருக்கும் என்று பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோகென்காம்ப், ஹெர்கெட் இருவரும் 2014-லேயே எழுதிவிட்டார்கள். கணித்த அளவைப்போல் அது ஐந்து மடங்கு. வரைபடத்தில் மட்டும் அது ஏறவில்லை. 2021 ஜூலை 14 இரவு வந்த வெள்ளம் அளவுகோலையே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தகவல் இருந்தும் அது கணக்குக்குள் வராமல் போனதற்கு மனிதர்கள் கொடுத்த விலை இது.

அலோர் காஜாவின் தண்ணீர் வழி

தம்பின் ஆறும் பாத்தாங் மலாக்கா ஆறும் சேர்ந்து மலாக்கா ஆறாகி, நம் மாவட்டத்தின் வழியே பட்டணத்துக்கு இறங்குகிறது. வடமேற்கு எல்லையில் லிங்கி ஆறு நெகிரி செம்பிலானையும் நம்மையும் பிரித்துக்கொண்டு கோலா லிங்கியில் கடல் சேர்கிறது. இவற்றுக்கிடையே பெயரே இல்லாத எத்தனையோ அல்லூர்கள். ஆற்றில் அளவுகோல் இருக்கும்; மலாக்கா ஆற்றுக்குப் பந்தாய் பெலிம்பிங்கில் ஜே.பி.எஸ். எனப்படும் நீர்ப்பாசன வடிகால் துறையின் நிலையம் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஓடும் அல்லூருக்கு யார் அளவுகோல் வைப்பார்கள்?

மழைக்காலக் காற்றின் முழு வேகம் கிழக்குக்கரைக்குத்தான் என்றாலும், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த மழை மலாக்காவையும் விடவில்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மாலை இடிமழையால் வரும் திடீர் வெள்ளமும் உண்டு. காட்டை வெட்டி ரப்பர் வைத்தார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனை போன இடத்தில் தாமான் எழும்பியது. மண்ணுக்குள் இறங்கிய மழை இப்போது தார் மேல் ஓடுகிறது. ஆகவே பழைய வெள்ளத்தின் உயரத்தோடு அன்றைய மழை எவ்வளவு என்பதும் தெரிந்தாக வேண்டும். அப்போதுதான் அதே மழை இன்று பெய்தால் எவ்வளவு ஏறும் என்று கணிக்க முடியும்.

தோட்டத்து மழைப் புத்தகம்

மழைக் கணக்கை நம் தோட்டங்களைப்போல் விடாமல் எழுதியவர்கள் குறைவு. பால் வெட்டுக்கு மழை பகை. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது; வெட்டிய பின் பெய்தால் மங்கில் விழுந்த பால் தண்ணீரோடு போய்விடும். அதனால் மழை நேராகக் கூலியைத் தொட்டது. ஆபீசுக்கு முன்னால் திறந்த வெளியில் ஒரு மழைமானி இருக்கும். காலையில் கிராணி அதில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். ஜே.பி.எஸ். மழை நிலையங்கள் பலவற்றுக்கு இன்றும் தோட்டப் பெயர்களே இருப்பது இதனால்தான். மழையால் வேலை நின்ற நாள் செக்ரோல் என்ற வருகைப் பதிவிலும் தெரியும். ஆகவே ஒரு மழையை இரண்டு புத்தகங்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பழைய கணக்கு அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அடுத்தது தேதி. 20-ஆம் தேதி காலையில் எழுதிய மழை பெரும்பாலும் 19-ஆம் தேதி மாலையில் பெய்தது. அதே வெள்ளச் செய்தி பத்திரிகையில் 21-ஆம் தேதி வந்திருக்கலாம். ஒரே வெள்ளம் மூன்று தேதிகளில் நின்றால், அது மூன்று வெள்ளமாகப் பதிவேட்டில் ஏறிவிடும். பெய்த நாள், எழுதிய நாள், அச்சான நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் குறித்தால் இந்தப் பிழை வராது.

சுவரும் நினைவும்

அடுத்த சான்று சுவர். கோயில் மண்டபத் தூணிலும் பழைய லயத்துச் சுவரிலும் சேற்றுக் கோடு இருக்கும். ஆனால் செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். ஈரக் கறை வெள்ளம் நின்ற உயரத்தைத் தாண்டிப் போகும். சேறும் சருகும் ஒட்டிய மெல்லிய கோட்டைத்தான் உயரமாகக் கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் தரையை மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். நில அளவைத் துறையின் மட்டக் கல்லோடு இணைத்து, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்று கண்டால்தான் அந்தக் கோடு அறிவியலுக்குப் பயன்படும்.

நினைவையும் தள்ளிவிட முடியாது. தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது. "மூத்த பொண்ணு ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருஷம், தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி" என்பது நினைவிருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆண்டைக் காட்டும். பஞ்சாங்கம் தேதியைக் காட்டும். அந்தத் தேதிக்கு மழைப் புத்தகத்தைப் புரட்டலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இதழ்களில் அந்த வாரச் செய்தியைத் தேடலாம். பாட்டி சொன்னது இப்படித்தான் சான்றாகிறது.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த வெள்ள நெறிமுறை, உறுப்பு நாடுகள் கடந்தகாலப் பெருவெள்ளங்களையும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. பிரான்ஸ் பழைய வெள்ளங்களுக்கென்றே பொதுத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. வெள்ளக் குறிகளுக்கும் தனித் தளம் உண்டு. பிரிட்டனில் 1998-இல் தொடங்கிய நீரியல் நிகழ்வுப் பதிவேட்டில் பழைய நாட்குறிப்பிலும் நூலிலும் கிடைத்த வெள்ளச் செய்திகளைப் பொதுமக்களே சேர்க்கலாம். இந்தியாவில் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வானிலைத் துறையின் பழைய அறிக்கைகளைக் கொண்டு 1967 முதலான வெள்ளங்களைத் தொகுத்திருக்கிறார்கள்.

உலக அளவில் பெயர்பெற்ற எம்-டாட் தரவுத்தளம் 1988 முதல் பெல்ஜியத்தில் இயங்குகிறது. பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும், அல்லது நூறு பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவசரநிலையோ வெளிநாட்டு உதவிக் கோரிக்கையோ இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் ஒரு நிகழ்வு அதில் ஏறும். பத்து லயத்து வீடுகளை நனைத்த வெள்ளத்துக்கு அங்கே இடமில்லை. அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

நம் நாட்டில் அடித்தளம் இருக்கிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் முழுகிய பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. பேரிடர் நிர்வாகத்துக்கு 2015-இல் நட்மா என்ற அமைப்பு வந்தது. ஜே.பி.எஸ்.-இன் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் ஆற்றின் நீர்மட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என எந்த நிலையில் நிற்கிறது என்று கைபேசியிலேயே பார்க்கலாம். அது இன்றைய நிலவரம். நேற்றைய வெள்ளங்களைக் கம்பம் கம்பமாக, தோட்டம் தோட்டமாகத் தேடிப் பார்க்கும் பதிவேடு அதன் பக்கத்தில் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

"வெள்ளம் வந்த இடம் என்று எழுதினால் வீட்டு விலை விழுமே" என்று சிலர் அஞ்சுவார்கள். இது உண்மையான கவலை. அதற்காகவே பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயர் வரக் கூடாது. இடமும் உயரமும் போதும். ஆனால் மறைத்து விற்ற வீட்டில் முதல் மழைக்கே சோபாவும் மெத்தையும் மிதக்கும்போது இழப்பு முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. "பருவநிலையே மாறிவிட்டது, பழைய கணக்கு எதற்கு?" என்பாரும் உண்டு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். எதற்கு மேல் கூடுகிறது என்று தெரிய வேண்டுமானால் பழைய அளவு கையில் இருந்தாக வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

இடம், நாள், உயரம், ஆதாரம், நம்பகம் என்ற ஐந்து தலைப்புகள் போதும். நாளின் கீழ் மேலே சொன்ன மூன்று தேதிகளுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். மட்டக் கல்லோடு இணைத்து அளந்த குறிக்கு முதல் தரம், தேதியுள்ள புகைப்படத்துக்கும் செய்திக்கும் இரண்டாம் தரம், வாய்மொழிக்கு மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தையும் எழுதுவோம். இன்னொரு சான்று கிடைத்தால் அது மேலே ஏறும். வெள்ளம் வராத ஆண்டுகளையும் எழுத வேண்டும், இல்லையென்றால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கே விடை கிடைக்காது.

காடெக், பெகோ, தெபோங், சுங்கை பாரு, ரெம்பியா, மாச்சாப் என்று தமிழர் வாழ்ந்த தோட்டங்களின் கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் இதைத் தொடங்கலாம். கோயிலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் சுவரில் கோடு இருந்தால் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். ஓய்வுபெற்ற கிராணி வீட்டில் பழைய மழைப் புத்தகம் இருந்தால் பழைய தாள்காரரிடம் போடுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஒரு பிரதியை மாவட்ட ஜே.பி.எஸ். அலுவலகத்தில் கொடுங்கள். எந்தச் சாலை முதலில் அறுபடும், நிவாரண மையமாகும் பள்ளிக்குப் போகும் வழியே தண்ணீருக்குள் போகுமா என்று அவர்கள் அதைக் கொண்டு பார்க்கலாம்.

இந்த நாட்டின் மழையை நாள் தவறாமல் அளந்தவர்களில் தோட்டத் தமிழர்களும் உண்டு. அந்தக் கணக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீட்டைக் காக்கப் பயன்பட வேண்டும். அடுத்த ஆண்டிறுதி மழைக்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு வெள்ளமாவது பதிவாகட்டும்.